பத்தில் எத்தனை

“…நூத்திருபதுங்கறது ஒரு பேச்சுக்குத்தானுங்ணா. அம்பதும் இருக்கும், எரநூத்தம்பதும் இருக்கும். அது எந்தெந்த வண்டியில போயி உக்காந்திருக்குன்னுதான் நமக்குத் தெரியாதுங்களே” என்று விஷ்ராந்த்வாடி ஆட்டோ ஸ்டாண்டில் நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற அதே குரல்தான்.

நூற்றிருபது எது, வண்டி எது என்பதற்கெல்லாம் வருகிறேன். அவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு தாளில் அந்தப் பெயரை வைத்து நான் செய்ததே போதும்.

பூனாவை ஒட்டிய போசரியில் ஒரு சின்னப் பட்டறை. ஆறு லேத்து, பதினான்கு பேர். ஆட்டோ ரிக்‌ஷாவில் ஓட்டுநரின் காலடியில் இருக்கிற பிரேக் பெடலைப் பிடித்து நிறுத்தும் ஓர் இரும்பு ஆணி, பின் என்போம், அதுதான் எங்கள் சரக்கு. விரல் நீளம், பன்னிரண்டு மில்லிமீட்டர் பருமன். நான் சரக்கு அனுப்பும் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு நின்று, டைப்பும் இந்தியும் தானாகக் கற்றுக்கொண்டு, விருதுநகரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவன். அவர் அளவு பார்ப்பவர். கோயம்புத்தூரில் பம்பு செய்கிற பட்டறையில் பழகிய கை. மைக்ரோமீட்டரை அவர் திருகுகிற விதத்தைப் பார்த்தால் குழந்தைக்குக் காது குத்துகிறவர் போல இருக்கும். பட்டறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். முதல் நாளே என் ஊரைக் கேட்டார், வயதைக் கேட்டார், அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

லேத்துக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தஹாபைகி தாயி. தஹாபைகி என்றால் மராத்தியில் பத்துக்கு இத்தனை என்று அர்த்தம். தாயி என்றால் அக்கா. பத்துக்கு இத்தனை என்று சொல்கிற அக்கா. யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒற்றைப் பதில் வராது.

ஏரவாடாவிலிருந்து வீடு மாறி, அவர் குடியிருந்த தெருவுக்கே நான் வந்த புதிதில், பஸ் நிறுத்தத்தில் சாதாரணமாகக் கேட்டேன். “போசரி பஸ் எத்தனை மணிக்கும்மா?”

“எந்த நாளைக்குங்ணா கேக்கறீங்க?”

“தினம் வர்ற பஸ்தானே.”

“தினம்னு ஒரு நாள் கெடையாதுங்களே. பத்து நாள்ல ஆறு நாள் எட்டு பத்துக்கும் எட்டேகாலுக்கும் நடுவுல வந்துரும். மூணு நாள் எட்டரை வரைக்கும் இழுக்கும். ஒரு நாள் வரவே வராது. அந்த ஒரு நாளைக்கு ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தனியா வெச்சுக்கோங்க.”

தினம் என்று ஒரு நாள் கிடையாது. எனக்கு அது பிடித்துப் போயிற்று. நல்ல சொல்லைக் கேட்டால் சரக்கு ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பது என் பழக்கம். அவர் சொன்னவை மட்டுமே ஆறேழு பக்கம் இருக்கும். பஸ் வராத நாளில் நாங்களெல்லாம் நின்று திட்டிக்கொண்டிருப்போம். எட்டு முப்பத்தொன்றுக்கு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார். “வையாதீங்ணா. பத்துல ஒண்ணுன்னு அது முன்னயே சொல்லியிருக்குது. நாமதான் மறந்துட்டு நிக்கறோம்.”

எங்கள் கட்டடத்தில் மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்பது பெரிய சண்டை. சொசைட்டி செயலாளர் ஒரு மாதம் குறித்துப் பார்த்து, சராசரியாகக் காலை எட்டு மணி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். தஹாபைகி தாயி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்ணா, தண்ணி ஒண்ணா ஆறு மணிக்கு வருது, இல்லாட்டிப் பத்து மணிக்கு வருது. ரெண்டையும் கூட்டிப் பாதி பண்ணினா எட்டு. எட்டு மணிக்கு நீங்க கொழாயத் தொறந்தா காத்துதான் வரும்.” பலகையை இன்னொரு தடவை பார்த்தார். “சராசரி அளவுல செருப்பு வாங்கினா வூட்ல ஒருத்தர் காலுக்கும் சேராதுங்க.”

மழை வருமா என்று லேத்துக்காரன் எவனாவது கேட்டால், நனைந்தால் உனக்குக் காய்ச்சல் வருமா, குடை தூக்கினால் கை வலிக்குமா, அதை முதலில் சொல் என்பார். அவருடைய இந்தி கோவைத் தமிழின் ராகத்திலேயே இருக்கும். பத்தில் இரண்டு என்றாலும் காய்ச்சல்காரன் குடை எடுக்கணும், பத்தில் ஆறு என்றாலும் மற்றவன் ஓடிப் போய்விடலாம் என்பார். கேட்டவன் தலையில் அடித்துக்கொண்டு போவான். மறுநாள் மறுபடி வந்து கேட்பான்.

என் மனைவிக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. பூனாவின் டிசம்பரில் தோசை மாவு பொங்காது. அதைப் போய் அவரிடம் கேட்டிருக்கிறாள். அன்று நான் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏங்க, மாவு எத்தன மணி நேரத்துல பொங்கும்னு அந்தம்மாகிட்டக் கேட்டேன். பத்து நாளைக்கு எழுதி வைங்கக்காங்கிறாங்க. நான் தோசை சுடணுமா, பரீட்சை எழுதணுமா?”

ஆனால் எழுதினாள். பிரிட்ஜின் மேல் ஒரு கட்டம் போட்ட தாள் ஏறியது. அடியில் எட்டு மணி நேரம், பத்து, பன்னிரண்டு என்று வரிசையாக இருக்கும். மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கியதோ அதன் தலையில் ஒரு பெருக்கல் குறி. ஜனவரிக்குள் குறிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி ஒரு குவியலாகிவிட்டன. பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணுக்கு என் மனைவி அதைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். “பன்னெண்டுலதான் கூட்டம். ஆனா வால் இருக்கு பாரு, பதினெட்டு வரைக்கும் போகுது. குளிர்ல வால் நீளும்.”

குவியலுக்கு அம்பாரம், ஓரத்துக்கு வால். இரண்டுமே அவருடைய சொற்கள். பட்டறையிலும் அவர் வைத்திருந்தது அதே கட்டம் போட்ட நோட்டுதான். ஒரு குவியலிலிருந்து நூறு பின் எடுத்து ஒவ்வொன்றாக அளப்பார். அளவுக்கு ஒரு கட்டம், பின்னுக்கு ஒரு குறி. நூறு முடிந்ததும் நோட்டில் ஒரு நெல் அம்பாரம் எழுந்து நிற்கும். நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிவு, ஓரங்களில் சிதறிய ஒன்றிரண்டு குறிகள், அதுதான் வால். அனுமதித்த அளவின் எல்லையில் இடமும் வலமும் இரண்டு சிவப்புக் கோடு. அம்பாரம் கோடுகளுக்குள் ஒடுங்கி நின்றால் அவர் முகம் சாப்பிட்டு எழுந்தவர் முகம் போல இருக்கும்.

“எல்லாரும் நடுவைப் பாத்துட்டுப் போயிருவாங்க. நாம வாலைப் பாக்கோணும். ஆளைக் கடிக்கறது எப்பவும் வாலுதானுங்ணா.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டேன். ஏழு வருடத்தில் அம்பாரத்தைப் பார்த்தவுடன் எந்த லேத்து, எந்த நாள் என்று எனக்கே ஓரளவு தெரியும்.

ஒரு நாள் அவருடைய முழங்கைக்கு மேலே ஒரு தடத்தை என் மனைவி பார்த்துவிட்டாள். அவள் சுற்றி வளைக்கிறவள் இல்லை. நேராகக் கேட்டாள். “உங்க வீட்டுக்காரர் எப்படி?”

“பத்துல ஏழு நாள் தங்கமான மனுசனுங்க்கா.”

“மிச்சம் மூணு நாள்?”

“சராசரி பாத்தா நல்லவருதானுங்க.” சிரித்தார். சிரித்து முடித்து, காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “அந்த மூணு நாளைக்காகத்தானுங்க்கா நான் வேலைக்குப் போறது. சம்பளம் என் கையில இருக்கற வரைக்கும் மூணு, மூணாவே நிக்குது.”

அதை நான் ரிஜிஸ்டரில் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அந்த வேலை அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு லாட் சரக்கோடும் ஒரு சான்றுத்தாள் போக வேண்டும். முப்பது கட்டம், முப்பது அளவு, அடியில் சராசரி, அதன் கீழே அவர் கையெழுத்து. அந்தத் தாளை அவருக்குப் பிடிக்காது. “முப்பது எண்ணுக்கு எடம் குடுத்தாங்க. அம்பாரத்துக்கு எடம் குடுக்கலையே” என்பார்.

பிப்ரவரியில் தம்பி கல்யாணத்துக்காக அவர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று லாட் அனுப்ப வேண்டிய வாரம். அளவு பார்ப்பவர் விடுப்பில் போகும்போது வெறும் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது போசரியில் எல்லாச் சின்னப் பட்டறையிலும் உள்ள வழக்கம். இல்லாவிட்டால் விடுப்பே கிடைக்காது. அவர் ஐந்து தாளில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

“லேத்து எல்லாம் நல்லா ஓடுதுங்ணா. நூறு நூறா அளந்து பாத்துட்டு நீங்களே எழுதிருங்க.”

நான் விளையாட்டாகக் கேட்டேன். “வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டு என் கையில குடுக்கிறீங்களே. என்னையப் பத்தி உங்க கணக்கு என்ன? பத்துல எத்தன?”

விளையாட்டுக் கேள்விக்கும் அவர் யோசித்துத்தான் பதில் சொல்வார். யோசித்தார்.

“பத்துல பத்துங்ணா.”

பஸ்ஸுக்குக் கொடுக்காதது, மாவுக்குக் கொடுக்காதது, கட்டின புருஷனுக்குக் கொடுக்காதது. ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பதிலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்று சாயங்காலம் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் ஒழுங்காகவே அளந்தேன், ஒழுங்காகவே எழுதினேன். திரும்பி வந்ததும், “மிச்சம் ரெண்டு தாளையும் கிழிச்சுப் போட்டுருங்க” என்றார். சரிம்மா என்றேன். கிழிக்கவில்லை. திட்டம் ஒன்றும் இல்லை. தாளைக் கிழித்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை, இழுப்பறையில் அடியில் போய்விட்டது. இதை யாரிடம் சொன்னாலும் நம்புகிறார்கள். நான்தான் பத்தில் நான்கு தடவை நம்புவதில்லை.

ஆஷாட ஏகாதசி நெருங்கியது. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் கிளம்புகிற வாரம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாலை அடைத்துவிடுவார்கள், லாரி நகராது. ஒரு உதிரிபாக வியாபாரிக்கு மூவாயிரம் பின் சனிக்கிழமை காலைக்குள் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் நூறு பின் அளந்து முடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அது அம்பாரமே இல்லை. கல்லில் ஊற்றித் தேய்த்த தோசை போலத் தட்டையாகப் பரவிக் கிடந்தது. நடுப்புள்ளி அச்சாகப் பன்னிரண்டில்தான் இருந்தது. ஆனால் ஓரங்கள் இரண்டு பக்கமும் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டன. தடித்த பக்கம் மூன்று குறி, மெலிந்த பக்கம் நான்கு.

“நாலாம் நம்பர் லேத்துல பேரிங் போயிருச்சுங்ணா. கை நடுங்குற ஆளு சுட்ட மாதிரி இருக்குது. குறி சரி. குண்டு எங்கெங்கயோ போகுது.”

எங்கள் முதலாளியை எல்லாரும் மாலக் என்று கூப்பிடுவோம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு அவரே வீடு வீடாக வந்து இனிப்புக் கொடுப்பார். வந்து நோட்டைப் பார்த்தார். “அரே தாயி, ஆவரேஜ் தோ பரோபர் ஹை ந?”

“ஆவரேஜ் பரோபர் ஹை, மாலக். லேகின் ஆவரேஜ் ரிக்‌ஷா மே நஹி பைட்தா.”

சராசரி சரிதான், ஆனால் சராசரி போய் ரிக்‌ஷாவில் உட்காராது. சொல்லிவிட்டு, தடித்த பின்னையும் மெலிந்த பின்னையும் இரண்டு கையில் எடுத்துக் காட்டினார். தடித்தது துளைக்குள் நுழையாது, மெக்கானிக் திட்டிவிட்டுத் தூக்கிப் போடுவான், அதனால் கெடுதல் இல்லை. மெலிந்தது சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும். ஆறு மாதம் ஆடும், துளையைத் தின்னும், ஒரு நாள் ஓட்டுநர் மிதிக்கும்போது பெடல் காலோடு கீழே போகும். நூறில் நான்கு என்றால் மூவாயிரத்தில் ஏறக்குறைய நூற்றிருபது.

“நாலு நாள் குடுங்க, மாலக். மூவாயிரத்தையும் ஒட்டுக்கா நானே ஒண்ணொண்ணா அளந்து பிரிச்சுத் தர்றேன்” என்று இந்தியில் சொன்னார். அந்த வியாபாரி நாலு மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டான், வேறு பட்டறைக்குப் போய்விடுவான், அடுத்த மாதம் நமக்கு வேலை இல்லை என்றார் மாலக். லேத்தெல்லாம் நின்றுவிட்டது. எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

“திங்கக்கெழம வெள்ளன வந்து ஆரம்பிச்சர்றனுங்ணா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை மகள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று முன்பே விடுப்புச் சொல்லியிருந்தார். நோட்டு மேஜையிலேயே இருந்தது.

அவர் போன பிறகு மாலக் என் மேஜைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உனக்கும் தெரியுமே இந்த வேலை என்று மட்டும் சொன்னார்.

தெரியும். அதுதான் விஷயம். வேறு யாராக இருந்தாலும் முப்பது கட்டத்திலும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எழுதி மாட்டிக்கொண்டிருப்பான். நான் அப்படி எழுதவில்லை. அவருடைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நூறு குறியில் சிவப்புக் கோடுகளுக்குள் இருந்தவற்றிலிருந்து முப்பதைப் பொறுக்கினேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இயல்பாக இருக்கும்படி. எல்லாமே அவர் அளந்த அளவுகள்தான், ஒன்றுகூடப் பொய் எண் இல்லை. சராசரி அச்சாக வந்தது. இழுப்பறையின் அடியிலிருந்து கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தேன். பத்து நிமிஷ வேலை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி கிளம்பிவிட்டது.

பதினான்கு குடும்பம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சராசரிதான். பிரித்துப் பார்த்தால் அதில் முதல் குடும்பம் என்னுடையது.

திங்கட்கிழமை அவர் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு வந்தார். மூவாயிரம் பின்னைப் பிரிக்க வீட்டிலிருந்தே இரண்டு பிளாஸ்டிக் தட்டு, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. காலிப் பெட்டிகளைப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. ஃபைலை எடுத்து, சான்றுத்தாளின் நகலைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அந்த முப்பது எண்ணையும் நோட்டில் குறி குறியாகப் போட ஆரம்பித்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்ணா. இதைப் பாருங்க.”

பார்த்தேன். குறிகள் சிவப்புக் கோடு வரைக்கும் தடதடவென்று வந்து, கோட்டில் சுவர் வைத்தாற்போல நின்றிருந்தன. சரிவு இல்லை.

“தானா விழுந்த அம்பாரம் இப்படி நிக்காதுங்க. ரெண்டு பக்கமும் கத்திரி பட்டிருக்குது.” பேனாவால் இரண்டு சிவப்புக் கோட்டையும் தொட்டுக் காட்டினார். “இந்தப் பட்டறையில வாலுன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு ரெண்டே பேருங்ணா. ஒண்ணு நானு.”

நான் சொன்னது இதுதான், இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். “ஒண்ணும் ஆகாதும்மா.”

“எத்தனைக்கு எத்தனைங்ணா?”

பதிலுக்காக அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஒற்றை எண் கேட்கிறவர்கள் பதில் கேட்பதில்லை, ஆறுதல் கேட்கிறார்கள் என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் எண்கூடக் கேட்காமல் ஆறுதலை எடுத்துக்கொண்டவன்.

அன்றே நோட்டை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, நகரத்துக்குள் அந்த வியாபாரியின் கடைக்குப் போனார். பின்கள் அதற்குள் சின்னச் சின்னக் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன. பால்கிக்கு முந்தின நாள் எல்லாக் கடைக்காரனும் சரக்கு எடுப்பான். வியாபாரி மாலக்குக்குப் போன் செய்தான், உன் பட்டறை ஆளே உன் சரக்கைக் குறை சொல்கிறாள் என்று. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார். “இந்த லாட்ட நான் பாத்து விடலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்ணா. என்ற பேரு அதுல இருக்குது. வேற எங்கயாச்சும் வேலைக்குப் போனா இதக் கேப்பாங்க.”

“பாக்கலாம்மா” என்றேன்.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. போசரி சின்ன இடம். சொந்தப் பட்டறையையே காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு பேச்சு, சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவள் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. வேலை கொடுக்காமலிருக்க இரண்டுமே உதவின.

சம்பளம் நின்ற பிறகு அந்த மூன்று நாள், மூன்றாக நிற்கவில்லை. எண்ணைச் சொன்னது என் மனைவிதான். “இப்ப அஞ்சு, ஆறு” என்றாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை, அடுப்பைப் பார்த்துப் பேசினாள். பிரிட்ஜின் மேலிருந்த மாவுத் தாள் அந்த வாரத்தில் என்றைக்கோ காணாமல் போனது.

பட்டறை ஓடுகிறது. நாலாம் நம்பர் லேத்துக்குப் புதுப் பேரிங் போட்டாயிற்று. அளவு பார்க்கத் தனியாக ஆள் வைக்கவில்லை, சான்றுத்தாளில் இப்போது என் கையெழுத்துதான். இதுவரை எந்த ஆட்டோ எங்கே போய் மோதியது என்றும் ஒரு செய்தி என் காதுக்கு வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதாலா, அல்லது நடந்து, காரணம் ஒரு விரல் நீளப் பின் என்று யாருக்கும் தெரியாமல் போனதாலா, எனக்குத் தெரிய வழியில்லை. அவர் இருந்தால் கேட்டிருப்பேன். அவரிடம் கேட்கிற உரிமையைத்தான் முதலில் தொலைத்தேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது மழைக்காலம் முடிகிற சமயத்தில். காலை நேரம், ஸ்டேஷனுக்குப் போக நான் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தேன். வரிசையாக ஏழெட்டு வண்டி. அவர் வரிசையின் முன்னால் நின்றிருந்தார். இளைத்திருந்தார். தோளில் பழைய அதே பை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்.

“வாங்ணா. ஊருக்குங்களா?”

“ஆமாம்மா. நீங்க எங்க போகணும்? ஆட்டோ நான் பேசித் தர்றேன்.”

“எங்கயும் போகலீங்ணா.”

என்ன பேசுவது என்று தெரியாமல் அதையே பேசினேன். “அந்த விஷயத்தையே இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க. இந்த ஊர்ல எத்தன ஆயிரம் ஆட்டோ ஓடுது. அதுல ஒரு நூத்திருபது. அதுவும் உங்க கணக்குதான்.”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். நூற்றிருபது ஒரு பேச்சுக்குத்தான், ஐம்பதும் இருக்கலாம், இருநூற்றைம்பதும் இருக்கலாம், எது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் தெரியாது என்று.

சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வண்டியின் பக்கம் குனிந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் யாரும் சொல்லாமலே, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். குனிந்திருந்தவர் பிரேக் பெடலை உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பின்னைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இப்படியும் அப்படியும் அசைத்தார். நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்து ஒரு குறி போட்டார். நோட்டை மூடாமலே அடுத்த வண்டிக்குப் போனார்.